ஜாஸ், ப்ளூஸ் ஒரு மணி நேரம், உள்ளூர் உடுக்கைப் பாட்டும் கும்மியும் ஒட்டுக்கா: சமுதாய வானொலிக்கு எப்படி அமைக்கறதுங்க?

நொய்யல்கரை

வணக்கமுங்க. கோயமுத்தூர் மாவட்டத்துல ஒரு சமுதாய வானொலி. சனிக்கிழமை ராத்திரி 9 மணிக்கு ஒரு மணி நேரம் காலியா இருக்குதுங்க. ஜாஸ், ப்ளூஸ் ரெண்டையும் தமிழ்ல பேசி அறிமுகப்படுத்தற நிகழ்ச்சி ஒண்ணு போடலாம்னு திட்டம். வெறும் வெளிநாட்டுத் தட்டா ஓட்டாம உடுக்கைப் பாட்டு, வள்ளிக் கும்மி, ஜமாப் (மேளக் கூட்டம்), பெருஞ்சலங்கை (சலங்கை கட்டி ஆடறது)ன்னு நம்ம பக்கத்துக் கலைஞர்களையும் உள்ள கொண்டாரோணும்.

சிக்கல் நாலு இருக்குதுங்க.

நிர்வாகக் குழுவுல "உள்ளூர் சனத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம், பாதிக்குப் பாதி உள்ளூர்னு விதி இருக்குதே"ன்னு கேக்கறாங்க.

பழைய தட்டுன்னா உரிமைப் பிரச்சினையே இல்லைன்னு ஒருத்தர், இருக்குதுன்னு இன்னொருத்தர். எது சரி?

சோதனை ஓட்டத்துல ரெண்டு கோளாறு. ஒரு பாட்டுல பாஸ் (கீழ்ச்சுரம் வாசிக்கற பெரிய கம்பி வாத்தியம்) தனியா வாசிக்கற எடத்துல கம்ப்யூட்டர் தானா அடுத்த ஜிங்கிளுக்குத் தாவிருச்சு. இன்னொண்ணுல, 1959-ல வந்த ஸ்டீரியோ தட்டு, சாக்ஸஃபோன் சத்தமே காணோம். பாஸும் டிரம்ஸும் மட்டும் கேக்குது.

கடைசியா, உடுக்கை, ஜமாப், சலங்கை இதையெல்லாம் பதியறது எப்படி? கிதார்காரர் ஒருத்தரையும் உடுக்கைப் பாட்டுக்காரரையும் சேத்து உக்கார வச்சா எடுபடுமா?

பழையதட்டு

குழுவுக்குச் சொல்ல வேண்டியது எளிது. உள்ளூர் மக்கள் பங்கேற்போடு உருவாக வேண்டும் என்கிற அந்தக் குறைந்தபட்சம் 50 சதவீதம் நிலையத்தின் மொத்த நிகழ்ச்சிக்கான கணக்கு. ஒவ்வொரு மணி நேரத்தையும் தனித்தனியாக அளப்பதற்கல்ல. உங்கள் பேச்சு தமிழில்தான் இருக்கப்போகிறது, பாடுகிறவர்களில் உள்ளூர்க்காரர்களும் உண்டு என்றால் கேள்வியே பலமில்லாமல் போகிறது. ஒலிபரப்பிய நிகழ்ச்சியை 3 மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு, அதைக் கோப்பாக வையுங்கள். விளம்பரம் 2024-இல் திருத்திய வழிகாட்டு நெறிப்படி மணிக்கு 12 நிமிடம் வரை போகலாம். ஜாஸ் மணிக்கு அவ்வளவு கிடைக்கப்போவதில்லை, அது வேறு கதை.

உரிமையில் எல்லோரும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். ஒரு தட்டில் இரண்டு சொத்து இருக்கிறது: பாட்டு ஒன்று, ஒலிப்பதிவு இன்னொன்று.

நம் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி ஒலிப்பதிவுக்கு, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு. 1959-இல் வெளியான தட்டு 2019 டிசம்பரோடு விடுபட்டுவிட்டது. பாட்டுக்கோ, எழுதியவர் இறந்த பிறகு 60 ஆண்டு. ஜாஸ் ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸ் 1991-இல் இறந்தார். அவர் 1959-இல் பதித்த தட்டின் ஒலிப்பதிவு இந்தியாவில் விடுபட்டிருந்தாலும் அவர் அமைத்த இசை 2051 வரை விடுபடாது. அதற்கு ஐ.பி.ஆர்.எஸ். (பாட்டு எழுதியவர்கள், இசையமைத்தவர்கள் சார்பில் உரிமம் தரும் சங்கம்) உரிமம் வேண்டும். "பழசுதானே" என்று சொன்னவர் பாதி சரி, மறுத்தவர் மீதிப் பாதி சரி.

இரண்டு பக்கமும் சுத்தமாக உள்ள தட்டு வேண்டுமென்றால் பெஸ்ஸி ஸ்மித் 1925 ஜனவரியில் பாடிப் பதித்த செயின்ட் லூயிஸ் ப்ளூஸ். எழுதிய டபிள்யூ. சி. ஹேண்டி 1958-இல் இறந்தார், எனவே பாட்டு 2018 இறுதியோடு விடுதலை. ஒலிப்பதிவு எப்போதோ விடுதலை. அதில் பெஸ்ஸிக்குப் பதில் சொல்கிற கார்னெட் (ட்ரம்பெட் மாதிரி ஊதுகருவி) லூயி ஆம்ஸ்ட்ராங் வாசித்தது. பின்னணியில் இழுத்துக்கொண்டே போவது பியானோ இல்லை, ஃப்ரெட் லாங்ஷா வாசித்த ஹார்மோனியம். கூத்தும் நாடகமும் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த ஒலி அந்நியமே இல்லை. முதல் வாரம் இதிலேயே தொடங்கலாம்.

கணக்குப் போடும்போது பதித்த ஆண்டை வைத்துப் போடாதீர்கள், வெளியான ஆண்டு முக்கியம். ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் 1936, 1937-இல்தான் பதித்தார், ஆனால் அவருடைய சில பதிவுகள் 1961 எல்பியில்தான் முதலில் வெளிவந்தன. இன்னும் பிந்தி வெளியான மாற்றுப் பதிவுகளும் உண்டு. அவற்றுக்குக் கெடுவும் பிந்தியதே. குறுந்தகட்டின் பின்னட்டையில் "மாற்று டேக்" என்று இருந்தால் நின்று விசாரியுங்கள். இசை ஒருவர், வரி இன்னொருவர் என்றால் இருவர் இறந்த ஆண்டையும் பாருங்கள்.

ஸ்ட்ரீமிங் செயலியிலிருந்து நேராக மிக்சரில் கொடுப்பது கூடவே கூடாது. அந்தச் சந்தா தனி ஆள் கேட்பதற்கு மட்டும். இணையத்தில் நிகழ்ச்சியை ஏற்றி வைப்பதும் தனி விஷயம். இங்கே விடுபட்ட தட்டு அங்கே பூட்டியிருக்கும். அமெரிக்காவில் 1957 முதல் 1972 பிப்ரவரி நடுப்பகுதி வரை வந்த ஒலிப்பதிவுகளுக்கு 2067 வரை காவல். எஃப்எம்-இல் முழு நிகழ்ச்சி, இணையத்தில் பேச்சும் உள்ளூர்ப் பதிவும் மட்டும் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

மிக்சர்மேசை

கோளாறு ரெண்டுக்கும் காரணம் தெளிவா தெரியுது.

ஜிங்கிளுக்குத் தாவினது ஆட்டோமேஷன்ல இருக்கற "அமைதி காவல்". சத்தம் ஒரு அளவுக்குக் கீழ இத்தனை விநாடி இருந்தா, பாட்டு நின்னுபோச்சுன்னு முடிவு பண்ணி மாத்துப் பட்டியலை ஓட்டும். சினிமாப் பாட்டுக்கு −30 டெசிபெல், 8 விநாடின்னு வச்சிருப்பாங்க. ஜாஸ்ல ஒத்தை பாஸ், பிரஷ்ல தடவற டிரம்ஸ் எல்லாம் அதுக்குக் கீழ சாதாரணமா போகும். இந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் −50, 25 விநாடின்னு தனி அமைப்பு போட்டு வைங்க. காவலை அடியோட அணைச்சுராதீங்க, நிசமாவே கம்பி கழண்டுச்சுன்னா யாருக்கும் தெரியாது.

அதோட தம்பி ஒருத்தன் இருக்கான்: தானியங்கி கிராஸ்ஃபேடு, ஒரு பாட்டு அடங்கறப்பவே அடுத்ததை மேல ஏத்தறது. பாட்டு முடியற எடத்தை அதுவும் சத்தத்தை வச்சுத்தான் கண்டுபிடிக்கும். மெதுவா அடங்கி முடியற பாட்டுல கடைசி 10 விநாடியை அடுத்த பாட்டு தின்னுரும். ஒவ்வொரு கோப்புக்கும் முடிவுப் புள்ளியைக் கையால குறிச்சிருங்க. ஒரு மணி நேரத்துக்கு பத்துப் பாட்டு, கால் மணி வேலை.

சாக்ஸஃபோன் காணாம போனது ஒரே சேனல் மட்டும் டிரான்ஸ்மிட்டருக்குப் போறதால. 1950 கடைசி, 60 தொடக்க ஸ்டீரியோல வாத்தியத்தை அடியோட இடது, அடியோட வலதுன்னு தள்ளி வச்சிருப்பாங்க. நிலையம் மோனோ (இடது வலதுன்னு பிரிக்காம ஒரே தடம்), யாரோ இடது கம்பியை மட்டும் சொருகி விட்டிருக்காங்க. இப்பத்திய பாட்டுல ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கறதால இத்தனை நாள் யாரும் கவனிக்கலை. மிக்சர்ல மோனோவா கூட்டி அனுப்புங்க. ஒய் கம்பி போட்டு ரெண்டு அவுட்டையும் முறுக்கி இணைக்காதீங்க, ஒரு அவுட் இன்னொண்ணை இழுத்துப் பிடிச்சு ஒலி கரகரங்கும். கோப்பாவே மோனோ ஆக்கிட்டா இன்னும் நல்லது. ஆடாசிட்டில ரெண்டு தடமும் சேர்ந்து மோனோ ஆகிற கட்டளை இருக்கு.

78 வேகத் தட்டிலிருந்து எடுத்த கோப்பு ஸ்டீரியோவா வந்தாலும் கூட்டுங்க. அந்தத் தட்டுல ஊசி பக்கவாட்டா மட்டும்தான் இசையை எடுக்கும், மேலும் கீழும் துள்றது வெறும் இரைச்சல். கூட்டினா துள்ளல் இரைச்சல் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும், பாட்டு மிஞ்சும். இரைச்சல் நீக்கி மென்பொருளைக் கொஞ்சமா போடுங்க. கூடிப்போனா ட்ரம்பெட் தண்ணிக்குள்ள ஊதற மாதிரி ஆயிரும். கொஞ்சம் சரசரப்பு இருந்தா கேக்கறவர் மன்னிப்பாங்க.

உர்ருன்னு 50 ஹெர்ட்ஸ் ஹம் வருதுன்னு அதை வெட்டற வடிகட்டியை அகலமா போட்டுராதீங்க. பாஸ் வாத்தியத்துல கீழ் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். ஹம்மோட சேர்ந்து அதுவும் போயிரும், பாஸ்காரர் ரெண்டு சுரத்துக்கு ஒரு சுரம் விழுங்கற மாதிரி கேக்கும். ஹம் எங்கிருந்து வருதுன்னு பார்த்து எர்த்திங்கைச் சரி பண்றதுதான் வைத்தியம். மிக்சர், கம்ப்யூட்டர் ரெண்டையும் ஒரே பிளக் வரிசையில இருந்து எடுத்தாலே பாதி போயிரும்.

இனி சலங்கை. இதுலதான் எஃப்எம் குழி பறிக்கும். ஒலிபரப்புக்கு முன்னாடி டிரான்ஸ்மிட்டர் மேல் ஒலிகளை வேணும்னே தூக்கும், ரேடியோ திரும்ப அமுக்கும். இங்க 50 மைக்ரோ விநாடி அளவு. அந்தக் கணக்குல 10,000 ஹெர்ட்ஸ்ல 10 டெசிபெல், 15,000-ல 13-க்கு மேல தூக்கும். ஸ்டுடியோ மீட்டர்ல சலங்கை அடக்கமா தெரியும், டிரான்ஸ்மிட்டர்ல போய் லிமிட்டரை (சத்தம் எல்லை மீறாம அமுக்கற கருவி) இடிக்கும். லிமிட்டர் சலங்கையை மட்டும் அமுக்காது, மொத்தத்தையும் அமுக்கும். காலைத் தட்டற ஒவ்வொரு தடவையும் பாடறவர் குரல் ஒரு படி உள்ள போய்ட்டு வரும். ட்ரம்பெட்டுக்கும், டிரம்ஸ்ல அடிக்கற உலோகத் தட்டுக்கும் (சிம்பல்) இதே கதி. 7,000 ஹெர்ட்ஸுக்கு மேல 4-லிருந்து 6 டெசிபெல் குறைச்சு அனுப்புங்க. அதைவிட, பதியும்போதே மைக்கைக் காலுக்குப் பக்கத்துல வைக்காம அஞ்சடி உயரத்துல, நாலஞ்சு அடி தள்ளி வச்சா சலங்கையும் அடியும் சேர்ந்தே வரும்.

உடுக்கை: பாடறவரே நெஞ்சுக்கு நேரா பிடிச்சு அடிப்பார். குரலுக்கு ஒரு டைனமிக் மைக், வாயிலிருந்து நாலு விரக்கடை, கீழிருந்து மேல்நோக்கி. உடுக்கைக்கு இன்னொண்ணு ஒண்ணரை அடி தள்ளி, தோலுக்கு நேரா வேண்டாம், கயிறு இருக்கற இடுப்பைப் பாக்கற மாதிரி. ரெண்டையும் கூட்டிக் கேளுங்க. உடுக்கை சொத்தையா கேட்டா ஒரு மைக்கோட போலாரிட்டியை (மிக்சர்ல பிளஸ், மைனஸ் மாத்தற பொத்தான்) திருப்புங்க, பொதபொதன்னு வந்துரும். உச்சம் −12 டெசிபெல்ல நிக்கட்டும், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். பாடறவர் ஒத்திகையில அடிக்கற அடிக்கும் நிசத்துல அடிக்கற அடிக்கும் ரெண்டு பங்கு வித்தியாசம் இருக்கும், அந்த இடைவெளி அதுக்குத்தான்.

ஜமாப் குழுவை அறைக்குள்ள கொண்டு போகாதீங்க. களத்துமேடு, கோயில் மைதானம், தென்னந்தோப்பு. பத்தடி தள்ளி ரெண்டு மைக் போதும். ஆனி, ஆடியில பொள்ளாச்சி, உடுமலை, காங்கயம் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்கும்போது மைக்குக்கு ரோமம் வச்ச காத்துத்தடுப்பு இல்லாம போகாதீங்க. ஆடிக் காத்துல அம்மியே பறக்குதுன்னா மைக் எம்மாத்திரம். சாதா ஸ்பாஞ்சு பத்தாது.

உடுக்கைநாதம்

தொழில்நுட்பத்தை மேலே உள்ளவர் சொல்லிவிட்டார். எது பக்கத்தில் எதை வைப்பது என்பதை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த மாதிரி நிகழ்ச்சிகள் படுப்பது இங்கேதான்.

"ப்ளூஸ் என்பது அமெரிக்க ஒப்பாரி" என்ற வாசகத்தை யாரும் சொல்ல விடாதீர்கள். சொல்ல எளிது, தப்பு. ஒப்பாரி ஒரு குறிப்பிட்ட சாவுக்கு, குறிப்பிட்ட உறவுமுறையில் நின்று பாடுவது. ப்ளூஸ் ஆட்டக் கூடத்தில், காசுக்கு, ஆள் ஆடப் பாடியது. அதில் பாதி கேலியும் இரட்டை அர்த்தமும். அதோடு சாவு விழாத இடத்தில் ஒப்பாரி பாடச் சொன்னால் பல பெண்கள் பாட மாட்டார்கள், அபசகுனம் என்பார்கள். ஸ்டுடியோவுக்குக் கூட்டி வந்து சங்கடப்படுத்தாதீர்கள். அதே கவனம் உடுக்கையில் பாடும் அண்ணன்மார் (பொன்னர்–சங்கர்) கதைக்கும் வேண்டும். படுகளப் பகுதி சாமி காரியம். பன்றி வேட்டை, கிளி பிடிக்கப் போவது போன்ற பகுதிகளில் எதைப் பாடலாம் என்று பாடுபவரிடமே கேளுங்கள்.

துக்கத்தை ஒப்பிடாமல் கட்டமைப்பை ஒப்பிடுங்கள், காது தானாகப் பிடித்துக்கொள்ளும்.

ப்ளூஸின் வழக்கமான அச்சு 12 தாளவட்டம். வட்டத்துக்கு நாலு எண்ணிக்கை, மொத்தம் 48. நிமிடத்துக்கு 96 எண்ணிக்கை வேகத்தில் ஒரு சுற்று 30 விநாடி. அதனால்தான் மூன்று நிமிடத் தட்டில் ஆறு சுற்று அடங்குகிறது. வரிகள் மூன்று: முதல் வரி, அதே வரி மீண்டும், பிறகு அதற்கு முடிவு. ஒவ்வொரு வரியும் நாலு வட்டம் என்றாலும் குரல் ஏறக்குறைய இரண்டு வட்டத்தில் முடிந்துவிடும். மிச்ச இரண்டில் கிதாரோ கார்னெட்டோ பதில் சொல்லும். இப்போது உடுக்கைப் பாட்டை நினையுங்கள். முன்பாட்டுக்காரர் இழுத்து நிறுத்த, பின்பாட்டுக்காரர் எடுத்துக்கொடுக்க, இடையில் உடுக்கை பேசும். பெஸ்ஸி ஸ்மித் தட்டு முடிந்ததும் ஒரு வார்த்தை விளக்காமல் உடுக்கைப் பதிவைப் போட்டுப் பாருங்கள். விளக்கத்தை இரண்டுக்கும் பின்னால் வையுங்கள்.

இன்னொன்று. உடுக்கையின் கயிற்றை நெருக்கினால் சுரம் ஏறும், தளர்த்தினால் இறங்கும். ஒரே அடியில் "டுவ்வ்" என்று வளையும். ப்ளூஸ் கிதாரில் பாட்டில் கழுத்தையோ இரும்புக் குழலையோ கம்பியில் வழுக்கிச் சுரத்தை வளைப்பதும் அதே காரியம். இந்த இரண்டு ஒலியையும் 5 விநாடி, 5 விநாடி வெட்டி அடுத்தடுத்து மூன்று முறை ஒலிக்க விடுங்கள். அதற்கு மேல் பேச்சு தேவைப்படாது.

தாளத்துக்குச் சொற்கட்டு நம்மிடமே இருக்கிறது. ப்ளூஸில் அடிக்கடி வரும் துள்ளல் நடையான ஷஃபிளைச் சொல்ல: "தகிட தகிட" என்று சொல்லிக்கொண்டே நடுவில் உள்ள "கி"யை விழுங்குங்கள். "த–ட, த–ட". அவ்வளவுதான் ஷஃபிள். கும்மிக்காரர்கள் தகிட நடையில் கைதட்டிப் பழகியவர்கள், சொன்ன மறு நொடி பிடித்துவிடுவார்கள். ஜாஸ் பியானோக்காரர் டேவ் புருபெக்கின் நால்வர் குழு 1958-இல் இந்தியாவில் சுற்றியபோது சென்னைக்கும் வந்தது. மறு ஆண்டு அவர்கள் தட்டில் வந்த, பால் டெஸ்மண்ட் எழுதிய ஐந்தெண்ணிக்கைப் பாட்டை "தகிட தக" என்று எண்ணலாம். அதே தட்டின் ஒன்பதெண்ணிக்கைப் பாட்டு "தக தக தக தகிட". இதற்கு ஆங்கிலத்தில் பத்தி பத்தியாக எழுதுகிறார்கள். ஆனால் இந்தியப் பயணம்தான் அந்தத் தாளங்களைத் தந்தது என்று பெருமை பேசிவிடாதீர்கள். ஒன்பதெண்ணிக்கைக்கு புருபெக் துருக்கியில் கேட்டதைத்தான் மூலமாகச் சொன்னார்.

ஒரு மணி நேரக் கணக்கு இப்படி வரும். 78 வேகத் தட்டு (ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் ஓடும் பழைய தட்டு) ஏழு, சுமார் 21 நிமிடம். நீளமான பிற்காலப் பாட்டு ஒன்று, 9 அல்லது 10 நிமிடம், கடைசிக் கால் மணியில். உள்ளூர்ப் பதிவு இரண்டு, ஆளுக்கு ஆறேழு நிமிடம். பேச்சு மொத்தமே 10 நிமிடம், ஒரு தடவைக்கு 90 விநாடியைத் தாண்டாமல். மிச்சம் நிலைய அறிவிப்பும் விளம்பரமும். உள்ளூர்ப் பதிவை "இப்போது நம்ம ஊர் நேரம்" என்று தனிக் கொட்டகையில் கட்டாதீர்கள். ஆம்ஸ்ட்ராங்குக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வையுங்கள். அறிவிப்பிலும் இருவருக்கும் ஒரே மாதிரி: பெயர், ஊர், வாத்தியம், பதித்த ஆண்டு.

பேசுவதற்கு முன்மாதிரி வில்லிஸ் கனோவர். 1955 முதல் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா சிற்றலையில் ஜாஸ் வழங்கியவர். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த உலகத்துக்காக மெதுவாக, சின்னச் சின்ன வாக்கியமாக, வாத்தியக்காரர் பெயரைத் தெளிவாகச் சொல்வார். நீங்கள் தமிழில் பேசினாலும் பெயர்கள் புதியவை. ஒரு பெயரை முன்னால் ஒரு தடவை, பாட்டு முடிந்து ஒரு தடவை. முகப்பிசை மேல் பேசாதீர்கள். ஆம்ஸ்ட்ராங்கின் 1928 தட்டு ஒன்று துணையே இல்லாமல் தனி ட்ரம்பெட்டோடு தொடங்குகிறது. அதன் மேல் பேசினால் மிச்சத்தைப் போடவே வேண்டாம்.

1920-இல் மாமி ஸ்மித் பதித்த முதல் தலைமுறைத் தட்டுகளை வரிசைக்காக முதல் வாரமே போடும் ஆசை வரும். வேண்டாம். மின்சார மைக் 1925-இல்தான் பதிவுக்கு வந்தது, அதற்கு முந்தையவை கூம்புக்குள் பாடியவை. சின்ன ரேடியோவில் கொசு மாதிரி கேட்கும். பெஸ்ஸியின் தட்டும் கூம்புதான், ஆனால் அந்தக் குரல் கூம்பையும் தாண்டி வருகிறது.

தறிச்சத்தம்

எல்லாரும் ஸ்டுடியோ பக்கமே பேசறீங்க, கேக்கற பக்கம் சித்த பாருங்க. இந்தப் பக்கம் ராத்திரி 9 மணிக்கு ரேடியோ கேக்கறதுல தறிக்குடோன் நைட் ஷிப்ட் ஆளுங்க இருக்காங்க. விசைத்தறி ஓடற எடத்துல சின்ன ஸ்பீக்கர்ல பாஸ் வாத்தியம் சுத்தமா காதுல ஏறாது. 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ அந்த ஸ்பீக்கரே தராது, தந்தாலும் தறி தின்னுரும். பிரஷ் டிரம்ஸும் பியானோவும் மட்டும் இருக்கற பாட்டு அங்க வெறும் அமைதி. அதனால மொத அரை மணி குரல், ட்ரம்பெட், கிளாரினெட், மவுத் ஆர்கன் மாதிரி நடு ஒலி தூக்கலா இருக்கறதைப் போடுங்க. ரொம்ப மெல்லிசானதை 9:40-க்கு மேல வைங்க, அப்ப வீட்ல கேக்கறவங்கதான் மிஞ்சுவாங்க.

மறு ஒலிபரப்பை ஞாயித்துக்கிழமை மத்தியானம் வைங்க. நெறைய குடோன் லீவு.

பதிவுக்குப் போறதுன்னாலும் ஞாயிறுதான். ரெண்டு காடு தள்ளி ஓடற தறி கூட "சடக் சடக்"னு மைக்ல ஏறும். அது ஒரே சீரான தாளம் வேற, உடுக்கையோட தாளத்துல மோதி வெட்டி ஒட்டவே விடாது.

நொய்யல்கரை

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். மோனோ விசயம் அதேதானுங்க, இடது கம்பி மட்டும்தான் சொருகி இருந்துச்சு. கிதாரும் உடுக்கைப் பாட்டும் சேத்து வைக்கறது பத்தி யாராச்சும் சொல்லுங்க. அப்புறம் கலைஞர்களுக்கு என்ன எழுதி வாங்கோணும், எப்படிக் கூப்பிடோணும்?

ஆறுகம்பி

சேர்க்கலாம், ஆனா பன்னிரண்டு வட்டத்தை உடுக்கைக்காரர் மேல் திணிக்கக் கூடாது. அவர் வட்டம் எண்ணிப் பாடுவதில்லை, வரியின் மூச்சுக்குப் பாடுகிறார். கிதார்காரர் ஐந்தாம் வட்டத்தில் கார்டை (சேர்த்து ஒலிக்கும் சுரக்கூட்டு) மாற்றும்போது பாட்டு இன்னும் முதல் வரியிலேயே இருக்கும், இரண்டும் மோதும். ஒரே கார்டில் நின்று ஓட்டுங்கள். ப்ளூஸ் பாடகரும் கிதார்காரருமான ஜான் லீ ஹூக்கர் 1948-இல் பதித்த முதல் வெற்றித் தட்டே ஒரே கார்டுதான். அவரும் வட்ட எண்ணிக்கைக்குக் கட்டுப்படாமல் நினைத்த இடத்தில் வரியை நீட்டுவார், கூட வாசித்தவர்கள் திணறினார்கள். கிதார்காரருக்கு ஹூக்கரை ஒரு வாரம் கேட்கக் கொடுங்கள், அதுவே ஒத்திகை.

சுருதி: பாடுபவரிடம் "எந்த ஸ்கேல்" என்று கேட்டால் பதில் வராது, கட்டையில் கேளுங்கள். கட்டையும் தெரியாவிட்டால் அவர் இயல்பாக நாலு வரி பாட, அடிச்சுரத்தை ட்யூனரில் பாருங்கள். 1 கட்டை சி, 2 கட்டை டி, 4 கட்டை எஃப், 5 கட்டை ஜி. ப்ளூஸ் கிதாருக்கு வசதி திறந்த ஈ வடிவம், அது 3 கட்டை. கேப்போவை (கம்பிகளை அழுத்திச் சுருதி ஏற்றும் கவ்வி) முதல் ஃப்ரெட்டில் (கழுத்தில் உள்ள மெட்டு) மாட்டினால் 4 கட்டை, மூன்றாவதில் மாட்டினால் 5 கட்டை. ஆண் குரல் 1, 2 கட்டையில் நின்றால் ஏ வடிவம்: மூன்றாவது ஃப்ரெட்டில் 1, ஐந்தாவதில் 2 கட்டை.

மவுத் ஆர்கன் வந்தால் கவனம். ப்ளூஸ் வாசிப்பவர் பாட்டின் சுரத்திலேயே உள்ள ஆர்கனை எடுக்க மாட்டார், நாலாம் சுரத்தில் உள்ளதை எடுப்பார். ஜி பாட்டுக்கு சி ஆர்கன், எஃப் பாட்டுக்கு பி ஃப்ளாட், டி பாட்டுக்கு ஜி. கையில் சி ஆர்கன் மட்டுமே இருக்கிறவர் வந்தால் 5 கட்டைக்குத்தான் ஒத்துவரும். இதை முன்கூட்டியே போனில் கேட்டுவிடுங்கள். சுருதிப் பெட்டி இல்லாமல் பாடுகிறவர்கள் அரை மணியில் மெல்ல ஏறிவிடுவார்கள், அதனால் ஐந்தைந்து நிமிடத் துண்டுகளாகப் பதிந்து, ஒவ்வொன்றுக்கும் முன் சுருதி பாருங்கள். கிதாருக்கு மைக் வைத்தால் உடுக்கை அதில் நிரம்பிவிடும். பிக்கப் உள்ள கிதாரை நேராக மிக்சரில் கொடுங்கள். ஜமாபோடு கிதார் என்ற யோசனையை விட்டுவிடுங்கள், கேட்காது.

உடுக்கைநாதம்

கலைஞர் விஷயம். கூப்பிடும் காலம் முக்கியம். மாசி, பங்குனி, சித்திரையில் பூச்சாட்டு, கம்பம், தேர் என்று ஊர் ஊராக நோன்பு. அந்த நாளில் வரச் சொன்னால் அவர்களுக்கு ஒரு நாள் கூலி நட்டம். புரட்டாசி, மார்கழியில் கேளுங்கள். குழுக்களைத் தேட கோவையில் உள்ள மண்டலக் கலை பண்பாட்டு மையத்தில் விசாரிக்கலாம். வள்ளி ஒயில் கும்மிக்காக 2024-இல் கோவை மாவட்டத்து பத்திரப்பன் பத்மஸ்ரீ பெற்ற பிறகு அந்தக் குழுக்களை எளிதில் கண்டுபிடிக்க முடிகிறது. உடுக்கைப் பாட்டுக்காரர்களைத்தான் கோயில் கோயிலாகத் தேட வேண்டியிருக்கிறது.

சம்பளம், வண்டி வாடகை, சாப்பாடு மூன்றையும் போனிலேயே தொகையாகச் சொல்லுங்கள். "வானொலியில் பேர் வரும்" என்பது சம்பளம் ஆகாது. கும்மி, ஜமாப் குழு என்றால் முழுக் கூட்டத்தையும் அழைக்காமல் பாடும் ஆசிரியரும் எட்டுப் பேரும் போதும், மைக்குக்கு அதற்கு மேல் வித்தியாசம் தெரியாது.

சம்மதத் தாள் ஒரு பக்கம், தமிழில், கையெழுத்துக்கு முன் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். என்ன பதிகிறோம், எத்தனை தடவை ஒலிபரப்புவோம், இணையத்தில் போடலாமா கூடாதா, வேறு யாருக்காவது கொடுக்கலாமா. கடைசி இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வையுங்கள், ஒன்றுக்குச் சம்மதித்து மற்றதை மறுக்கும்படி. நிகழ்த்துகிறவருக்குச் சட்டப்படி 50 ஆண்டு உரிமை இருக்கிறது. நாட்டார் பாட்டு யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் அவர் பாடிய அந்தப் பாட்டு அவருடையது. பதிவின் ஒரு நகலைப் பென்டிரைவில் கையோடு கொடுத்தனுப்புங்கள்.

அறிவிப்பில் பெயரை அவர் எப்படிச் சொல்கிறாரோ அப்படி. பதிவின் தொடக்கத்திலேயே அவர் குரலில் பெயர், ஊர், யாரிடம் கற்றார் என்று மூன்று வரி வாங்கிவிடுங்கள். கோப்புப் பெயர் தொலைந்தாலும் அது தொலையாது.

மிக்சர்மேசை

ஒண்ணு விட்டுப்போச்சு. பாடி முடிச்சதும் உடனே ரெக்கார்டரை நிறுத்தாதீங்க. யாரும் பேசாம 30 விநாடி அந்த எடத்தோட வெறும் சத்தத்தைப் பதிஞ்சு வைங்க. ரெண்டு துண்டை ஒட்டும்போது நடுவுல வெறும் பூஜ்யம் வச்சா காது "டக்"னு கண்டுபிடிச்சுரும். அந்த 30 விநாடிதான் ஒட்டுப் பசை. உடுக்கைப் பாட்டை ஆறு நிமிசமா குறைக்கறப்ப, பாட்டு வரி நடுவுல வெட்டாம, வசனம் முடியற எடத்துல வெட்டுங்க.